கடவுள் மேல் கோபமா, கோயில் மேல் கோபமா?

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 28 வயது. கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு கிராமம். தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்தே நாங்கள் கத்தோலிக்கர்கள். தலித் கிறிஸ்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மற்றது புரியும்.

ஊர்க் கோயில் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் தலைக்கட்டு வரி வாங்க மாட்டார்கள். கஷ்டப்பட்ட குடும்பங்கள் என்று சலுகை தருவதாகச் சின்ன வயதில் நினைத்திருந்தேன். வரி வாங்கினால் தேர் எங்கள் தெருவுக்கும் வர வேண்டும், மண்டகப்படியில் எங்களுக்கும் ஒரு நாள் கொடுக்க வேண்டும். அதனால்தான் வாங்குவதில்லை.

போன தவக்காலத்தில் அப்பாயி (அப்பாவின் அம்மா) இறந்துபோனார். பெரிய தெரு வழியாகப் போனால் கல்லறைத் தோட்டம் பக்கம். எங்கள் வீட்டுச் சாவு மட்டும் வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சேற்றில் சவப்பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, சித்தப்பா முழங்கால் வரை இறங்கித் தாங்கிப் பிடித்தார். பங்குத்தந்தையும் அதே சேற்றில் எங்களோடு நடந்து வந்தார். நல்ல மனிதர். பெரிய தெரு பற்றிக் கேட்டதற்கு, "இந்த நேரத்தில் பிரச்சினை வேண்டாம்ப்பா" என்றார். கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் குறுக்கே இடுப்பளவுக்கு ஒரு சுவர் இருக்கிறது. அந்தப் பக்கம் பெரிய தெருக்காரர்கள், இந்தப் பக்கம் நாங்கள். உயிர்ப்பைப் பற்றி ஃபாதர் ஜெபம் சொன்னபோது, கடைசி நாளில் எழுந்திருக்கிறவர்கள் சுவரை எப்படித் தாண்டுவார்கள் என்று தோன்றியது. அன்றிலிருந்து ஞாயிறு பூசையில் நம்பிக்கை அறிக்கை சொல்லும் இடத்தில் என் வாய் திறப்பதில்லை.

தங்கையைக் கல்லூரியில் சேர்க்கப் போனால் அடுத்த இடி. எங்கள் சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்று இருக்கிறது. இந்துவாக இருக்கும் பெரிய தாத்தா வழிப் பிள்ளைகளுக்குப் பட்டியல் சாதி. டீக்கடையில் இரண்டு பேரும் ஒன்றுதான், தாசில்தார் ஆபீசில் மட்டும் வேறு. பழங்குடியினருக்காகப் பாடுபட்ட குரு ஸ்டேன் சுவாமி அடிகளார் நினைவுக்கு வருகிறார். 83 வயதில், கை நடுங்குகிறது, தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வேண்டும் என்று சிறையிலிருந்து மனுப் போட்டவர், பிணையில் வெளியே வராமலே 2021 ஜூலையில் இறந்தார். கடவுளுக்காக ஊழியம் செய்தவருக்கே அதுதான் என்றால் எங்களுக்கு என்ன?

ராத்திரி இரண்டு மணிவரை போனில் இந்த மாதிரிச் செய்திகளையே படிக்கிறேன், முகம் தெரியாதவர்களோடு சண்டை போடுகிறேன். வேலையில் ஒரு பயிற்சிப் பையனை எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேன். நம்பாமல் நற்கருணை வாங்குகிறேனே, இது சாவான பாவம் ஆகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. நம்பவில்லை என்றால் பயம் எதற்கு என்று எனக்கே புரியவில்லை. சாகும் எண்ணம் இல்லை. ஆனால் காலையில் எழுந்ததும் எதற்கு எழுந்தோம் என்று இருக்கிறது.

அம்மா, "ஆண்டவர் சோதிக்கிறார், ஜெபமாலை சொல்லு" என்கிறார். கல்லூரி நண்பன், "இப்பவாவது தெளிஞ்சியே" என்கிறான். இன்னொருவன் தன் சபைக்கு வந்து ஆவியை விரட்டிக்கொள்ளச் சொல்கிறான். தை மாதம் எனக்குக் கல்யாணம். பெண் பக்தியானவர். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) படிப்பார்கள், அதற்கு முன் திருமண வகுப்பு. இந்த மனநிலையோடு பீடத்தின் முன் நிற்பது போலித்தனம் இல்லையா? பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் கடவுளை எப்படி நம்புவது? ஊர் விஷயத்தில் நான் ஏதாவது செய்ய முடியுமா, அல்லது எனக்குத்தான் மனநிலை சரியில்லையா?

பெயர் வேண்டாம், கோவை


அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் கடவுளைக் குறை சொல்லும் இடங்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். அந்த வாக்கியங்களில் கடவுளை எடுத்துவிட்டு "ஊர்ப் பெரியவர்கள்" என்றோ "மறைமாவட்டம்" என்றோ "அரசு" என்றோ போட்டால் பெரும்பாலானவை அப்படியே பொருந்துகின்றன. அந்தச் சுவரைக் கட்டியவர்களுக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு. சான்றிதழுக்குப் பின்னால் ஓர் அரசாணை இருக்கிறது, அதற்குத் தேதியும் உண்டு. மிஞ்சுவது ஒரே கேள்வி: இதையெல்லாம் பார்த்துக்கொண்டு அவர் ஏன் பேசாமல் இருக்கிறார்? அது உண்மையிலேயே கடவுளிடம் கேட்க வேண்டியது. மற்றவை வேறு ஆட்களிடம் கேட்க வேண்டியவை. எல்லாவற்றையும் ஒரே முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருப்பதால்தான் எதற்கும் பதில் வராமல், ராத்திரி இரண்டு மணிக்கு அத்தனையும் உங்களிடமே திரும்பி வருகிறது.

மனநிலை சரியில்லையா என்று கேட்டீர்கள். சந்தேகப்படுவது நோய் இல்லை, அநியாயத்தைக் கண்டு கொதிப்பதும் நோய் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் தூக்கமின்மை, எரிச்சல், காலையில் வரும் வெறுமை மூன்றையும் கவனிக்காமல் விட முடியாது. நாளின் பெரும்பகுதி மனச்சோர்வு, எதிலும் பிடிப்பின்மை, தூக்கத்திலும் பசியிலும் மாற்றம், வேலையில் கவனம் சிதறுவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை மனச்சோர்வு நோயா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அரசு தலைமை மருத்துவமனை எதிலும் மனநலப் பிரிவு உண்டு. போகும்போது தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12 மூன்றுக்கும் ரத்தம் கொடுத்துவிடுங்கள். இவற்றில் கோளாறு இருந்தாலும் இதே களைப்பும் எரிச்சலும் வரும். அதை விசுவாசக் குறைவு என்று நினைத்து மாதக்கணக்கில் ஜெபித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எப்போதாவது "செத்தால் தேவலை" என்ற நினைப்பு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு சேவை அது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

தூக்கத்தை இன்றைக்கே சரிசெய்யத் தொடங்குங்கள், மற்றவை அதற்குப் பிறகு. போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கைக்கு வாருங்கள். அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் போதும். இந்தச் செய்திகளைப் பற்றி யோசிக்க மாலை ஆறரை முதல் ஏழு வரை என்று ஒரு நேரம் வையுங்கள். இரவில் அந்த எண்ணம் வந்தால் ஒரு சொல்லில் தாளில் குறித்துவிட்டு நாளைய ஆறரைக்குத் தள்ளுங்கள். படுத்து இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்காருங்கள், கண் சொருகும்போது மறுபடி படுங்கள். முதல் வாரம் பலன் தெரியாது, அந்த வாரத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முகம் தெரியாதவர்களோடு சண்டை போட்டால் கோபம் ஆறும் என்பதும் தப்புக் கணக்கு. கத்தித் தீர்ப்பது கோபத்தைக் குறைப்பதில்லை, கோபப்படுவதற்கு உடம்பைப் பழக்குகிறது என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தப் பயிற்சிப் பையனிடம், எல்லார் முன்னாலும் திட்டியதால் எல்லார் முன்னாலுமே, ஒரு வரியில் மன்னிப்புக் கேட்டு முடியுங்கள். காரணம் விளக்க வேண்டாம்.

இனி அப்பாயி. நீங்கள் துக்கத்தில் இருக்கிறீர்கள். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அவர் போன பாதையைப் பற்றித்தான் இருக்கிறது. அவமானம் துக்கத்தை விழுங்கிவிட்டது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர், எதிரியின் குண்டைவிட, சரியானதைச் செய்ய வேண்டிய அதிகாரத்தில் இருந்தவர்கள் முக்கியமான நேரத்தில் கைவிட்டதுதான் அவர்களை உடைத்தது என்று கண்டார். அதை ஒழுக்கக் காயம் என்று சொல்கிறோம். உங்கள் பங்குத்தந்தை கெட்டவராக இருந்திருந்தால் உங்களுக்கு இத்தனை வலி இருந்திருக்காது. நல்லவர் சேற்றில் கூடவே நடந்து வந்து, பெரிய தெருவைப் பற்றி மட்டும் பேசாமல் இருந்தார். அதுதான் உள்ளே குத்திக்கொண்டு நிற்கிறது. காயத்தின் இடம் அது என்று தெரிந்தாலே பாதி நிதானம் வரும்.

அம்மா ஏன் "சோதனை" என்கிறார்? உளவியலாளர்கள் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் 1966-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை உண்டு. ஒரு பெண் மின்அதிர்ச்சி வாங்குவது போல் நடிப்பார், மற்ற மாணவிகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவரைக் காப்பாற்ற வழி இருந்தபோது அவர்மேல் இரக்கப்பட்டார்கள். வழி இல்லை என்று ஆனதும் மெதுவாக அவரையே மட்டமாக மதிப்பிடத் தொடங்கினார்கள். உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்ற நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள மனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது சான்று. அந்தச் சுவரை உங்களைவிட முப்பது வருடம் அதிகமாகப் பார்த்தவர் அம்மா. அவரிடமிருந்து "கடவுள் சித்தம்" என்ற சொல்லைப் பிடுங்கினால் வைத்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? அவரோடு வாதாடாதீர்கள். அதற்காக அவர் சொல்வதை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். "அம்மா, பூசைக்கு வர்றேன். ஆனா அப்பாயி விஷயத்துல சோதனைன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. அவங்களைப் பத்தி வேற ஏதாவது பேசுங்க." இப்படிச் சொன்னால் போதும். அப்பாயியைப் பற்றி அம்மா பேச ஆரம்பிப்பார், உங்களுக்கும் அழுகை வரலாம். வரட்டும்.

இப்போது அந்த ஒரே கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதாகச் சொல்லும் ஆலோசகரை நம்பாதீர்கள். நான் சொல்லக்கூடியது, அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களை வெளியே தள்ளும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்பது. விவிலியத்தில் உள்ள 150 திருப்பாடல்களில் மிக அதிகமாக இருக்கும் வகை புலம்பல்தான். பெரும்பாலான புலம்பல்கள் நம்பிக்கையில் போய் முடியும். 88-ஆம் திருப்பாடல் மட்டும் இருளிலேயே நிற்கிறது, ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் இல்லை. அதையும் தொகுப்பில் வைத்திருக்கிறார்கள். யோபு கடவுளை நேருக்கு நேர் குற்றஞ்சாட்டுகிறார். அவருடைய நண்பர்கள், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று கடவுளுக்காக வாதாடுகிறார்கள். கடைசியில், 42-ஆம் அதிகாரத்தில், கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்களை. யோபு பேசியதுதான் சரி என்கிறார். உங்கள் ஊர்க் கோயிலிலும் சுரூபமாக நிற்கக்கூடிய குழந்தை தெரசாள், 1896 உயிர்ப்பு விழாவிலிருந்து மறு ஆண்டு சாகும்வரை, விண்ணகம் என்று ஒன்று இருக்கிறதா என்ற இருட்டிலேயே கழித்தார். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-இல் அச்சானபோது, பல பத்தாண்டுகள் அவர் கடவுளை உணராமலே வேலை செய்தார் என்று தெரியவந்தது. இவர்கள் நம்பினார்கள், அதனால் நீங்களும் நம்புங்கள் என்று சொல்ல இதை எடுக்கவில்லை. நம்பிக்கை அறிக்கை சொல்லும்போது வாய் திறக்காமல் நிற்பவர்களுக்கும் இந்தத் திருச்சபையில் பழைய இடம் ஒன்று உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த இடத்தில் நிற்கும்போது செய்வதற்கு ஒரு வேலை. புலம்பல் பாடல்களுக்கு ஒரு கட்டு உண்டு: அழைப்பு, முறையீடு, வேண்டுகோள், நம்பிக்கை, கடைசியில் புகழ்ச்சி. நீங்கள் முதல் மூன்றை மட்டும் எழுதுங்கள். யாரை அழைக்கிறீர்கள், என்ன நடந்தது, என்ன வேண்டும். முறையீட்டில் அந்தச் சேறு வர வேண்டும், சாய்ந்த பெட்டி வர வேண்டும், சித்தப்பாவின் முழங்கால் வர வேண்டும். "அநீதி" என்று பொதுவாக எழுதினால் கை ஓடுமே தவிர ஒன்றும் வெளியே வராது. ஒரு நாளைக்குப் பதினைந்து முதல் இருபது நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், சாயங்கால வெளிச்சத்தில். மனதில் உள்ளதை எழுதிப் பார்க்கும் முறையை உளவியலாளர் ஜேம்ஸ் பென்பேக்கர் 1980-களில் ஆராய்ந்தபோது பயன்படுத்திய அளவும் ஏறக்குறைய இதுதான். இதில் மூன்று இடங்களில் வழுக்கும். ராத்திரியில் எழுதினால் தூக்கம் போய்விடும். எழுதியதை ஃபேஸ்புக்கில் போட்டால் அது முறையீடாக இருக்காது, விவாதமாகிவிடும். நல்ல கத்தோலிக்கனாக முடிக்க வேண்டும் என்று புகழ்ச்சியை வலிந்து சேர்த்தால் உங்களுக்கே பொய்யாகப் படும். முடிவில்லாமல் விட்டுவிடுங்கள். எழுதிய அன்று மனம் கனப்பது இயல்பு. நான்கு நாளுக்குப் பிறகும் கனம் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள்.

இதன் முடிவில் கடவுள் இல்லை என்று உங்களுக்குப் பட்டால் அதுவும் உங்கள் உரிமை, நான் அதைச் சிகிச்சை செய்ய வேண்டிய ஒன்றாகப் பார்க்க மாட்டேன். துக்கத்தின் முதல் வருடத்தில் வீட்டை விற்காதே, வேலையை விடாதே என்று சொல்வோம். இந்த முடிவையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். "இப்பவாவது தெளிஞ்சியே" என்ற நண்பனுக்கும் உங்கள் அம்மாவுக்கும் ஒரே அவசரம்தான், உங்களை ஏதாவது ஒரு கரையில் ஏற்றிவிட வேண்டும். ஆவியை விரட்டக் கூப்பிடுகிறவரிடம் மட்டும் போகவே போகாதீர்கள். கேள்வியைப் பிசாசாக்கிவிட்டால் பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் நடுங்க வேண்டியிருக்கும்.

நற்கருணைப் பயத்துக்கு வருகிறேன். நம்பாதவனுக்குப் பயம் எதற்கு என்று கேட்டீர்கள். நம்பிக்கை மூளையில் மட்டும் இல்லை, புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய வயதிலிருந்து உடம்பிலும் பதிந்திருக்கிறது. பூசை நேரத்தில் வந்து போகும் பயம் என்றால் கவலை வேண்டாம். ஆனால் இப்படி இருந்தால் கவனியுங்கள்: ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறீர்கள், மன்னிப்புக் கிடைத்தும் நிம்மதி ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை, சரியாகச் சொன்னேனா என்று ஜெபத்தை மறுபடி ஆரம்பிக்கிறீர்கள். இது எண்ணச்சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) ஒரு வகை. இதற்கு ஆறுதல் வார்த்தை எவ்வளவு கொடுத்தாலும் நோய் வளரத்தான் செய்யும். பயத்தை எதிர்கொண்டு, சடங்கைத் திரும்பச் செய்யாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை உண்டு, நன்றாக வேலை செய்யும். உங்கள் கடிதத்தில் அந்த அளவுக்கு எதுவும் தெரியவில்லை.

ஊர் விஷயத்தில் ஏதாவது செய்ய முடியுமா என்றால், முடியும். இதுவும் உங்கள் சிகிச்சையில் ஒரு பங்கு. கோபத்துக்குப் போக ஒரு பாதை இல்லாவிட்டால் அது வீட்டுக்குள்ளேயே சுற்றும். ஆனால் நிதானம் வேண்டும். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்கெனத் தனிப் பங்குக் கோயில் கேட்டதில் எழுந்த மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இருவர் இறந்தார்கள். திருவிழா நேரத்திலும் சாவு நேரத்திலும் இதை எடுக்காதீர்கள். கூட்டம் கூடும் நாளில் பேச்சு கைகலப்பாகும். அறுவடை முடிந்து ஊர் ஓய்ந்திருக்கும் காலத்தில் எடுங்கள்.

முதலில் திருச்சபைக்குள். தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கோவையில் இருக்கிறீர்கள், அடி வாங்குவது ஊரில் இருக்கும் அப்பாவும் தங்கையும். தெருவில் வீட்டுக்கு ஒருவராகக் கையெழுத்து வாங்கி, பங்குத்தந்தைக்கும் ஆயருக்கும் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். ஒரு பக்கம் தாண்டக் கூடாது. வரி வாங்க மறுப்பது, தேர்ப் பாதை, சவ ஊர்வலப் பாதை, கல்லறைச் சுவர் என்று நான்கையும் தேதியோடு எழுதுங்கள், சுவரின் புகைப்படத்தை இணையுங்கள். திருச்சபைச் சட்டத்தொகுப்பில் மூன்று எண்களைக் குறிப்பிடுங்கள். 208 எல்லா விசுவாசிகளும் மாண்பில் சமம் என்கிறது. 212 ஆயர்களிடம் தங்கள் கருத்தைச் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமையும், சில வேளை கடமையும் உண்டு என்கிறது. 221 உரிமை மறுக்கப்பட்டால் திருச்சபை மன்றத்தில் கேட்கலாம் என்கிறது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் பேசிய இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவர்களுக்குள் சாதி பார்ப்பதன் சாயல்கூட உண்மையான ஆன்மிகத்துக்கு ஆபத்து என்றார். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணமே வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. இவை இரண்டையும் ஒரு வரியில் நினைவூட்டினால், "அது ஊர் வழக்கம், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று பதில் எழுதுவது கஷ்டம். ஒரு நகலைத் தமிழக ஆயர் பேரவையின் பட்டியலினத்தார், பழங்குடியினர் பணிக்குழுவுக்கும் அனுப்புங்கள்.

அடுத்தது பெரிய தெரு. அது யாருடைய தெரு என்று காகிதத்தில் பாருங்கள். புல எண் (சர்வே எண்) தெரிந்தால், நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் அ-பதிவேட்டு நகலை இணையத்திலேயே எடுக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தச் சாலையின் வகைப்பாடு என்ன, சிமென்ட் எந்த ஆண்டு, எந்தத் திட்ட நிதியில் போடப்பட்டது என்று ஊராட்சியிடம் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அரசுப் பணத்தில் போட்ட சாலை என்று ஒரு வரி கையில் வந்துவிட்டால் பேச்சின் தொனியே மாறும்.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்று இருப்பதால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நீங்கள் புகார் கொடுத்தால் நிற்காது. ஆனால் 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் எந்த நபரைத் தடுத்தாலும் குற்றம் என்கிறது. இடுகாடு, பாதை, சமய ஊர்வலம் மூன்றும் அதில் வருகின்றன. தண்டனை ஒன்று முதல் ஆறு மாதம் சிறை, 100 முதல் 500 ரூபாய் அபராதம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால் காரணம் தீண்டாமைதான் என்று நீதிமன்றமே அனுமானிக்கும் 12-ஆம் பிரிவு உங்களுக்கு உதவாது. காரணத்தை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதனால்தான் தேதி, புகைப்படம், சாட்சி என்று வற்புறுத்துகிறேன். ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்தால் எண்ணுடன் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். பிறகு கோட்டாட்சியர் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைப்பார். "பழைய நிலையே தொடரும்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துக்கு நீட்டுவது வழக்கம். அதில் போடாதீர்கள், மறுப்பை எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். இதெல்லாம் வருடக்கணக்கில் இழுக்கும். கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையம் பங்கிலிருந்து இதே மாதிரி முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

தங்கையின் சான்றிதழை இந்த வழியில் மாற்ற முடியாது. இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கொள்ளக் கூடாது என்று முதலில் சொன்ன, 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணையின் 3-ஆம் பத்திதான் அதற்குக் காரணம். 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியேதான். மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. தமிழகச் சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. மாற்றும் அதிகாரம் மத்திய அரசிடமும் நாடாளுமன்றத்திடமும் இருக்கிறது. இப்போதைக்குப் பிற்படுத்தப்பட்டோர் கல்வி உதவித்தொகைக்குத் தங்கையை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வருமானச் சான்றிதழ் தேதி தாண்டிப் போயிருந்தால் விண்ணப்பம் அங்கேயே திரும்பிவிடும், முதலில் அதைப் புதுப்பியுங்கள். ஆகஸ்ட் 10-ஐத் தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். முகம் தெரியாதவர்களோடு சண்டை போடும் நேரத்தை அங்கே கொடுக்கலாம்.

கல்யாணம். சந்தேகம் இருப்பது திருமணத்துக்குத் தடை இல்லை. முழு மனதோடு, கட்டாயமில்லாமல், ஒரே துணை, வாழ்நாள் முழுதும் என்ற புரிதலோடு சம்மதிக்கிறீர்களா என்பதுதான் திருச்சபை கேட்பது. விசுவாசத்தை ஊரறிய உதறிவிட்டவருக்குத்தான், 1071-ஆம் சட்டப்படி, திருமணத்தை நடத்தி வைக்க ஆயரின் அனுமதி வேண்டும். பூசையில் வாய் மூடி நிற்கும் நீங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டீர்கள். திருமண வகுப்பில் இதைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. தனியே நம்பிக்கையான ஒரு குருவிடம், முடிந்தால் உங்கள் ஊரோடு சம்பந்தமில்லாதவரிடம், பேசிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தப் பெண்ணிடம் சொல்லியாக வேண்டும். முதல் ஓலை படிப்பதற்கு முன்பே, நேரில், இரு வீட்டாரும் இல்லாத இடத்தில். "எனக்கு நம்பிக்கை போயிடுச்சு" என்று ஆரம்பித்தால் அவர் பயந்துவிடுவார், அது முழு உண்மையும் இல்லை. அப்பாயியின் சாவில் என்ன நடந்தது என்று தொடங்குங்கள். பிறகு, இப்போது எது சொல்ல முடிகிறது, எது சொல்ல முடியவில்லை என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை, வீட்டில் ஜெபம், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இந்த மூன்றில் உங்கள் இருவருக்கும் எது எப்படி என்று அன்றே பேசிவிடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு சண்டை வருவது கடவுள் இருக்கிறாரா என்பதில் இல்லை, இந்த மூன்றில்தான். அவருக்கு யோசிக்க ஒரு வாரம் கொடுங்கள். உடனே சம்மதம் சொல்லிவிட்டாலும் அந்த ஒரு வாரத்தை அவர் எடுத்துக்கொள்ளட்டும்.